அடுப்புக்குள் அப்பா

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், இடது விலாவில் ஒரு சிராய்ப்பும் இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்ததும் தவிர. பதறாதே, மருந்து போட்டாயிற்று, அவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நீயும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேட்டால் கேமரா அப்படிக் காட்டுகிறது என்கிறாய். உன்னை ஒல்லியாகக் காட்டுகிற கேமரா என்னை மட்டும் ஏன் பூசணிக்காயாகக் காட்டுகிறது என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்.

ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் ஃபோனைக் கையில் எடுத்தால் போதும், அப்பா எந்த மூலையில் இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, ஸ்பீக்கரில் போடு என்பார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள் நாளைக்கு விமானம் ஏறுகிறாள், உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் அவசரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னை அந்தப் பொய்ப்பல் செய்கிற பட்டறையில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், ஒரு பிரிவையே உன் பொறுப்பில் விடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், உனக்கும் ஆசைதான், அப்பாவிடம் எப்படி அம்மா சொல்வது என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதாயே, அதை அவரிடம் சொல்லிவிட்டாயா சொல்லிவிட்டாயா என்று தினம் ஒரு மெசேஜ் அனுப்புகிறாய். நானும் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்திக்கொண்டே இருந்தேன். ஏன் கடத்தினேன் என்பதையும் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், நிதானமாகப் படி. அப்பா இப்போது வீட்டில் இல்லை. மாமாவோடு புகைபோக்கிக் குழாய் வாங்கப் போயிருக்கிறார். ஆமாம், மாமாவோடுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்.

எல்லாம் உன் வாயால் வந்த வினை. பல மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நீ இருக்கும் தெருவிலேயே ஒரு கடையில் குவிந்த செங்கல் அடுப்பில் விறகு போட்டுப் பீட்சா சுடுகிறார்கள், ஓரமெல்லாம் கருகி நடுவில் மெத்தென்று இருக்கும், இதற்காகவே இந்த ஊரை விட்டு வர மனசு வராது அப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ அதை அப்போதே மறந்திருப்பாய். நானும் மறந்துவிட்டேன். மனுஷர் மறக்கவில்லை. மறுநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய் என் துணிக்கொடியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் அந்த அடுப்பை இங்கே கட்டிவிட்டால் போயிற்று என்றார். வயதுப் பெண் வேலைக்காக இருக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள், அவள் சொன்னது வேடிக்கைக்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு எல்லாமே பஸ் கணக்குதான். நிறுத்தம் இருந்தால்தானே ஆள் இறங்கும், முதலில் நிறுத்தத்தைப் போடுவோம் என்றார். என் துணிக்கொடி அன்றைக்கே அவிழ்ந்தது, இன்றுவரை துணியெல்லாம் மாடிப்படிக் கைப்பிடியில்தான் காய்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த தெருவில் என் தம்பி இருக்கிறான். உன் மாமாவைப் போல வளைவு கட்டுகிற கொத்தனார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது, அதை அவனே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அவனை விட்டுவிட்டு அப்பா ஃபோனில் தொப்பி போட்ட எவனோ ஒருவன் அடுப்பு கட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். நீ போகும்போது விண்ணப்பத்துக்கு அலைந்ததும் மாமா, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் மாமா. என் பெண்ணை ஏற்றி அனுப்பினவன் என் வாசலை மிதிக்கக்கூடாது என்று அன்றைக்கு இவர் சொன்னது உனக்கும் தெரியும். அவனும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை. நான்தான் நான்கு வருஷமாக இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஷட்டில் அடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகிறேன் என்று சொல்லித் தம்பி வீட்டுக்குப் போவதும், வெறும் பையோடு திரும்பி வந்து கடை மூடியிருந்தது என்று சொல்வதும் எனக்கே வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவன் முகத்தை ஒளிந்து பார்க்க வேண்டியிருந்தது எனக்கு எவ்வளவு வலித்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை.

அந்தத் தொப்பிக்காரன் பத்து நிமிஷத்தில் கட்டியதை அப்பா மாதக்கணக்கில் கட்டினார், ஆனால் குறை சொல்ல முடியாது, பார்த்துப் பார்த்துக் கட்டினார். முதலில் இடுப்பு உயரத்துக்கு மேடை. அதன்மேல் சூடு கீழே இறங்கக்கூடாது என்று காலி பாட்டில்களைப் படுக்கப் போட்டு மூடினார், அதற்காகத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாட்டில் கேட்டதில், இந்த வயதில் இவருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று நான்கு பேர் என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள். அதற்குமேல் நெருப்பு தாங்கும் செங்கலால் தளம். தளத்தின்மேல் ஈரமணலைக் குவித்துத் தட்டித் தட்டி அரைப்பந்து மாதிரி ஆக்கினார். அச்சில் ஒட்டாமல் இருக்க நீங்கள் பட்டறையில் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் உன்னிடம் கேட்டாரே, எதற்கப்பா என்று நீ கேட்டதற்குச் சும்மா என்றாரே, அது சும்மா இல்லை. நீ சொன்னதைக் கேட்டுத்தான் மணல்மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டினார். பிறகு செங்கலைப் பாதிப் பாதியாக வெட்டி வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டு போனார், ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடக் கொஞ்சம் உள்ளே சாயும். உச்சியில் கடைசிக் கல்லை என்னை வைக்கச் சொன்னார். கையெல்லாம் கலவையோடு நான் அதை வைத்து அழுத்தினேன், பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது, உங்கள் தலைக்கு அளவெடுத்தது மாதிரியே இருக்கிறது என்றேன், சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

நான் ஏன் கடத்தினேன் என்று இப்போது புரிகிறதா. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பின்பக்கம் போவேன். அவர் ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கலவை தடவி, குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி வைத்துவிட்டு, அவள் வந்தால் இங்கே ஒரு பெஞ்சு போட வேண்டும், அவளுக்குப் புகை ஆகாது, காற்று எந்தப் பக்கம் என்று பார் என்பார். நான் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அடுப்பு கொஞ்சம் காய்ந்தபிறகு வாய் வழியாக மணலையெல்லாம் தோண்டி எடுத்தார். மேலே குவிந்த செங்கல் கூண்டு அசையாமல் நின்றது. அவர் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பு வாயின் வளைவு கோணலாக இருக்கிறது என்று அதை மட்டும் பிரித்து மறுபடி கட்டினார். அதன் ஈரம்கூடக் காயவில்லை, உள்பக்கம் கலவை பிதுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பீட்சாமேல் உதிரும், சுரண்ட வேண்டும் என்று பரபரத்தார். நீளக் குச்சியில் பிரஷ் கட்டிச் சுரண்டுங்கள் என்றேன். என் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டார். போன சனிக்கிழமை மத்தியானம் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையை அடுப்பு வாயோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு அடுப்புக்குள் நுழைந்திருக்கிறார். தலை போயிற்று, தோள் போயிற்று, நெஞ்சும் போயிற்று. அடுப்பின் வாயை அவர் பீட்சாத் தட்டை வைத்து அளந்திருந்தார், தன் வயிற்றை வைத்து அளக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பழைய டிரைவர் சட்டை, ஓய்வு பெற்றபிறகும் வேலை என்றால் அதைத்தான் மாட்டிக்கொள்வார், அதன் மேல்பாக்கெட்டில் டார்ச்சும் இரும்பு அளவுநாடாவும். சுரண்டி முடித்துத் திரும்பி வரப் பார்த்தால் சட்டை மேலே சுருண்டு, அளவுநாடா போய் வளைவில் குத்தி நின்றுவிட்டது. முப்பது வருஷம் எந்தச் சந்திலும் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவருக்குத் தன் உடம்பை ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு வாய்க்கு வெளியே இரண்டு கால் மட்டும் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரித்துவிட்டேன். பிறகு காலைப் பிடித்து இழுத்தேன். வளைவிலிருந்து கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. இழுக்காதே, வளைவு விழுந்தால் கூண்டும் வந்துவிடும் என்று உள்ளேயிருந்து கத்தினார். விலாவில் வலிக்கிறதா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை, வளைவு எப்படி இருக்கிறது பார் என்கிறார். எனக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்துவிட்டது. தம்பிக்கு ஃபோன் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடட்டுமா என்றேன், தெருவே வேடிக்கை பார்க்கும், வேண்டாம் என்றார். அப்படியானால் அங்கேயே குடித்தனம் நடத்துங்கள், வேளைக்குச் சாப்பாடு தள்ளிவிடுகிறேன் என்றேன். அதற்குச் சத்தமில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஃபோன் போட்டேன். தம்பி ஊரின் அந்தக் கோடியில் பூச்சு வேலையில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

அவன் வரும்வரை நான் மேஜை ஓரத்தில் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு நன்றாக விட முடிகிறதா என்று கேட்டேன், உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்றார். பொழுது போகப் பேச ஆரம்பித்தார். அவளுக்கு அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, வந்து இறங்கிய அன்றைக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், நீ ஃபோனில் உளறிவிடாதே, வந்து பார்த்து மலைக்கட்டும் என்றார். அந்தக் குவிந்த கூரைக்குள் அவர் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை வாலு. முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கால்தானே தெரிகிறது, சொல்லிவிட்டேன். அவள் வரமாட்டாள், இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், அவளுக்கும் இருக்க ஆசை, உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு அழுகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். உள்ளே சுரண்டுகிற கரண்டி ஏதோ கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அவர் கால் விரல்கள் மடங்கி அப்படியே இருந்தன. நான் அவற்றைக் கையில் பொத்திக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"முன்னாடியே சொல்லிருந்தா கொஞ்சம் சின்னதா கட்டிருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்கு அங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். பொறுப்பெல்லாம் தருகிறார்களா என்றார். ஒரு பிரிவே அவள் கையில் என்றேன். எத்தனை பேர் அவளுக்குக் கீழே என்று கேட்டார், அது எனக்குத் தெரியவில்லை, அதையெல்லாம் கேட்டு வைக்கமாட்டாயா என்று அந்த நிலைமையிலும் என்னைத் திட்டினார்.

மாமா வந்தான். கை காலெல்லாம் சிமெண்ட். வாசலில் ஒரு நொடி தயங்கினான், பிறகு மிதித்தே உள்ளே வந்தான். மேஜைமேல் கிடந்த காலைப் பார்த்தான். நேரே குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சிரித்து முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி திரும்பி வந்தான். கூண்டைச் சுற்றி வந்து அங்கங்கே தட்டிப் பார்த்தான், நான்கு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, வாய்க்கு அளவெடுத்தது யாரு மச்சான் என்பதுதான். நான்தான் என்றார் உள்ளேயிருந்து. கூண்டு நல்லா வந்திருக்கு என்றான் இவன். சரிஞ்சிருக்கே என்றார். நான் முதன்முதலில் கட்டினது இடிஞ்சே விழுந்தது என்றான். அதைக் கேட்டு அவருக்குப் பாதி வலி போயிருக்கும் என்று நினைக்கிறேன். வளைவில் இரண்டு கல்லை உருவினால் சுலபமாக வெளியே வந்துவிடலாம் என்று மாமா சொன்னான். கல்லைத் தொடாதே என்றார் அப்பா. அப்படியானால் சட்டையைத்தான் வெட்ட வேண்டும் என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சட்டையை வெட்டு என்றார். நான் கத்தரிக்கோல் கொண்டுவந்து கீழேயிருந்து மேலே வெட்டினேன், அவன் ஒரு கையை விட்டுப் பாக்கெட்டைப் பிய்த்து அளவுநாடாவை எடுத்தான், முதலில் அவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு தொட்டில் பிள்ளையைத் தூக்குவது மாதிரி மெதுவாக வெளியே எடுத்தான். தலையெல்லாம் சுண்ணாம்பு, மீசையெல்லாம் மணல். மீசையில் மண் ஒட்டவில்லை என்று இனிமேல் இவரால் சொல்லவே முடியாது. இரண்டு பேரும் மேஜையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. வளைவுக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் விட்டது தப்பு என்று அவன் சொல்ல, தொப்பிக்காரன் கொடுக்கவில்லையே என்று இவர் சொல்ல, சண்டை பழையபடி ஆரம்பித்தது, எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்றிலிருந்து மாமா தினமும் வருகிறான். எடுத்தவுடன் பெரிய தீ போட்டால் வெடிக்கும் என்று தினம் கொஞ்சம் சுள்ளி போட்டுச் சிறு தீயாக எரித்து உலர்த்துகிறார்கள், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று அப்பா, இந்த அடுப்பு எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டார். ஒழுங்கா வச்சுக்கிட்டா நமக்கப்புறமும் நிக்கும் மச்சான் என்றான் மாமா.

"அவ்வளவெல்லாம் வேணாம். மூணு வருஷம் நின்னாப் போதும்" என்றார் அப்பா.

ஆகவே கையெழுத்தைப் போடு. கலங்காமல் போடு. எங்களை நினைத்துக்கொண்டு ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துக்கொண்டு நிற்காதே. ஊர்ப்பட்ட வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறாய், உன் வாய்க்கு நேரத்துக்குச் சாப்பாடு போடு. இரவில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே. விடுமுறை கிடைக்கும்போது பத்து நாளாவது வந்து போ, அப்போது அந்தத் தெருக்கடை அடுப்பு உசத்தியா உன் அப்பா அடுப்பு உசத்தியா என்று கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ எங்கே இருந்தாலும் நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் சிரித்த முகத்தோடும் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, மாமாவும் சொல்லச் சொன்னான்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. தனக்கு விஷயம் தெரியும் என்பதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்பாவிடம் பயப்படாமல் நாமே சொன்னோம் என்று அவளுக்கு இருக்கட்டும், நான் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறேன் என்றார். என்னால் உன்னைத் தவிக்கவிட முடியவில்லை, அதனால் சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு. என்னிடம் பேசாமல் நேரே அப்பாவைக் கூப்பிட்டு நீயே உன் வாயால் சொல். அவர் அப்படியா என்று ஆச்சரியப்படுவார், பிறகு சந்தோஷப்படுவார். நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததை ஒளிந்து பார்த்தேன். ஆச்சரியம் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. நீ நம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா